ஏழாம் நம்பர் பிரேக்பாயின்ட்

கோயம்புத்தூர் காளப்பட்டி ரோட்டில் ராயல் குயில்தோப்பு என்று ஒரு அபார்ட்மென்ட் இருந்தது, இன்னும் இருக்கிறது, இடிந்து விழாமல் இருப்பதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். அதில் குயிலும் கிடையாது, தோப்பும் கிடையாது, ராயல் மட்டும் லிப்ட் வாசலிலிருந்து மொட்டை மாடி வரைக்கும் வழிந்துகொண்டிருக்கும். ஏ பிளாக்கில் பதினாறு வீடு, பி பிளாக்கில் பதினாறு வீடு, வீட்டுக்கு ஒரு கார், ஒரு நாய், அமெரிக்காவில் ஒரு பிள்ளை, சமையலறையில் வடிகட்டிய தண்ணீர், அந்தத் தண்ணீரை வேலைக்கு வருகிறவளுக்குக் கொடுக்கத் தனியாக ஒரு டம்ளர். நான் பி பிளாக் மூன்றாம் மாடியில் வாடகைக்கு இருந்தேன். பெயர் கோகிலவாணி, வயது நாற்பத்தொன்று, அடுத்தவர்கள் எழுதிய கம்ப்யூட்டர் நிரல்களில் பிழை கண்டுபிடித்துக் கொடுப்பது தொழில். வீட்டிலிருந்தே வேலை என்பதால் இந்த முப்பத்திரண்டு வீட்டு மூஞ்சிகளையும் பால்கனியிலிருந்து நாள் முழுக்கப் பார்க்கிற பாக்கியம் எனக்கு இருந்தது.

குடியிருப்போர் சங்கத்துச் செயலாளர் வெள்ளியங்கிரி, மில் இயந்திரம் விற்று ஓய்வு பெற்றவர், ஏ பிளாக்கில் இருந்தார், நான் குடியிருந்த வீட்டுக்கும் அவர்தான் ஓனர். அவர் ஆசை ஆசையாக வாசல் கேட்டில் ஒரு கேமரா மாட்டினார். அது முகத்தைப் பார்க்கும், ஆளை அடையாளம் கண்டு கேட்டைத் திறக்கும், இன்னார் உள்ளே போனார் இன்னார் வெளியே வந்தார் என்று பதிந்துகொள்ளும். மாட்டிய மாதமே அது உளற ஆரம்பித்தது. வீடு கூட்டிக்கொண்டிருந்த துளசிமணி அதன் பதிவில் வெளியே போய்விட்டிருந்தாள், பால் ஊற்றிவிட்டுப் போன மனுஷன் மூன்று நாளாக உள்ளேயே குடியிருந்தார். வெள்ளியங்கிரி என் கதவைத் தட்டி, "ஏனுங்கம்மணி, சும்மாதானே வீட்ல உக்காந்திருக்கீங்க, இதக் கொஞ்சம் பாத்துக் குடுங்களேன்" என்றார். வாடகைக்காரி மாட்டேன் என்றா சொல்ல முடியும், பார்த்தேன்.

ஓடிக்கொண்டிருக்கிற நிரலில் இந்த வரிக்கு வந்ததும் நில் என்று ஒரு அடையாளம் வைப்பதற்கு எங்கள் தொழிலில் பிரேக்பாயின்ட் என்று பெயர். நின்ற இடத்தில் அதன் வயிற்றுக்குள் என்ன இருக்கிறதென்று பார்த்துவிட்டு, கன்டினியூ என்று சொன்னால் விட்ட இடத்திலிருந்து மறுபடி ஓடும். இதை ஒவ்வொன்றாகக் கையால் வைத்துக்கொண்டிருக்க எனக்குப் பொறுமை கிடையாது. பிழை பார்க்கிற அந்த டீபக்கருக்கே நாலு வரியில் ஒரு ஸ்க்ரிப்ட் எழுதிக் கொடுத்துவிட்டால் அதுவே வைக்கும், வைத்ததற்கு நம்பர் போடும், இன்னாருக்கு மட்டும் நில் என்றால் இன்னாருக்கு மட்டும் நிற்கும், முதல் மூன்று பேரை விட்டுவிடு என்றால் விட்டுவிடும், எத்தனை தடவை நின்றோம் என்று எண்ணிவைக்கும், தூங்கு என்றால் தூங்கும், ஒழி என்றால் ஒழியும். ஆறு தடவை வைத்துப் பார்த்துத் திருப்தியில்லாமல் அழித்தேன். ஏழாவதை முகத்தைச் சரிபார்க்கிற வரியில் வைத்தேன், வருகிறவர் வீட்டு ஓனரும் இல்லை, வாடகைக்கு இருப்பவரும் இல்லை என்றால் மட்டும் நில் என்று நிபந்தனை போட்டேன். புகார் அவர்களைப் பற்றித்தானே வந்திருந்தது, அதனால் அதில் எனக்கு ஒரு அசிங்கமும் தெரியவில்லை.

மறுநாள் காலை ஆறே முக்காலுக்குப் பால்காரர் வந்தார், நிரல் நின்றது, அவரும் நின்றார். ஒரு கால் கேட்டுக்கு உள்ளே, ஒரு கால் வெளியே, கையில் கேன், இமை அசையவில்லை, மூச்சு மேலேயும் போகவில்லை கீழேயும் வரவில்லை; கேனைச் சுற்றி வந்த ஈ மட்டும் தன் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது. நான் திரையில் பார்க்க வேண்டியதைப் பார்த்துவிட்டுக் கன்டினியூ கொடுத்தேன், அவர் இரண்டாவது காலையும் உள்ளே வைத்து நடந்து போய்ப் பால் ஊற்றினார். அடுத்து வந்தவர்களும் அப்படியே நின்றார்கள், ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் கன்டினியூ கொடுத்தேன், அப்படியே போனார்கள். வாட்ச்மேன் சூசை திண்டுக்கல் பக்கத்து ஆள், ராணுவத்தில் சமையல்காரராக இருந்து உலகம் பார்த்தவர், "கரண்டு போயி வர்ற மாதிரிதான் தாயி, என்ன இப்போ" என்று சொல்லிவிட்டு பீடியைப் பற்றவைத்தார்.

பிழையை நான் முதல் வாரமே கண்டுபிடித்துச் சரிசெய்துவிட்டேன். ஆனால் அதற்குள் ராயல் குயில்தோப்புக்காரர்களுக்கு நிறுத்துவது ருசித்துவிட்டது. வெள்ளியங்கிரியின் மனைவி சுலோசனா, நின்றுகொண்டிருக்கிற வேலைக்காரியின் கூடையை அவள் மூஞ்சிக்கு எதிரிலேயே கிளறிப் பார்த்தாலும் அவளுக்குத் தெரியாது என்று கண்டுபிடித்துச் சொன்ன நாளிலிருந்து, கேட்டுக்குப் பக்கத்தில் பெண்கள் காலை நடைப்பயிற்சி என்று கூட ஆரம்பித்தார்கள், த்தூ, நடையாம் பயிற்சியாம். கூரியர் கொண்டுவருகிறவர்களுக்கு ஒன்று வேண்டும் என்றார்கள், எட்டாம் நம்பர் வைத்தேன். வேலைக்காரர்கள் லிப்டில் ஏறக் கூடாது என்று ஒன்பதாம் நம்பர். எலெக்ட்ரீஷியன், பிளம்பர் வந்தால் முதல் மூன்று தடவை விட்டுவிட்டு நாலாம் தடவை நிறுத்து, நாலு தடவை வருகிறவன் ஏதோ நோட்டம் பார்க்கிறான் என்று ஒரு அறிவாளி சொன்னார், பத்தாம் நம்பர். மாதக் கடைசிச் சுற்றறிக்கையில், இந்த மாதம் நம் வளாகத்தில் ஆயிரத்து நூற்றுப் பதினான்கு நிறுத்தங்கள் என்று போட்டிருந்தார் வெள்ளியங்கிரி. கூட்டத்தில் கைதட்டினார்கள். எதற்குத் தட்டினார்கள் என்று யாருக்கும் தெரியாது, ஆனால் நம்பர் பெரிதாக இருந்தது.

நின்றவர்களும் ஒன்றும் சண்டைக்கு வரவில்லை. சிலிண்டர் போட வருகிறவர், "ஊரெல்லாம் தூக்கிச் சுமக்கறனுங்க, இங்க நிக்கறப்பத்தான் தோள்ல பாரமே தெரியல, இன்னுங் கொஞ்ச நேரம் விட்டாலும் சரிங்க" என்றார். கூரியர்காரர்கள் தலையைச் சீவிக்கொண்டு வந்தார்கள், எப்படியும் பத்துப் பேர் பார்க்கத்தான் போகிறார்கள் என்று. நான் எல்லாவற்றையும் மூன்றாம் மாடியிலிருந்து ஸ்க்ரிப்ட் எழுதி எழுதி வைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன், இவர்களை மட்டும் காறித் துப்பிவிட்டு நான் தப்பித்துக்கொண்டால் அது நியாயமில்லை.

துளசிமணி ஏ பிளாக்கில் ஆறு வீட்டுக்குப் பாத்திரம் தேய்த்து, வீடு கூட்டித் துடைக்கிறவள். புருஷன் விட்டுவிட்டுப் போய்ப் பத்து வருஷம், ஒரே பெண் மோனிஷா. அந்தப் பெண் பிளஸ் டூவில் நல்ல மார்க் வாங்கி, டவுனில் ஒரு கல்லூரியில் அரசு ஒதுக்கீட்டில் நர்சிங் சீட் கிடைத்திருந்தது. ஜூலை முப்பத்தொன்றுக்குள் அம்மாவோ அப்பாவோ நேரில் வந்து கையெழுத்துப் போட்டுச் சேர வேண்டும். துளசிமணி ஆறு வீட்டுக்கும் கடலை மிட்டாய் கொடுத்தாள், வேலை செய்யாத என் வீட்டுக்கும் மாடியேறி வந்து கொடுத்தாள். சுலோசனா மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டே, "உம்பொண்ணு ஊசி போடப் போயிட்டா எங்களுக்குப் பின்னாடி யாரு பாத்திரம் தேய்க்கறது?" என்று கேட்டாளாம். விளையாட்டுக்குத்தான் கேட்டாங்க என்று துளசிமணி என்னிடம் சொன்னாள். எனக்குத் தெரியும், அந்தம்மாவுக்கு விளையாடவே தெரியாது.

ஜூலை பதினொன்றாம் தேதி. பத்து மணிக்கெல்லாம் வேலையை முடித்துவிட்டு மகளைக் கூட்டிக்கொண்டு கல்லூரிக்குப் போகிற திட்டத்தில் துளசிமணி நல்ல சேலை கட்டி, பூ வைத்து, ஏழு நாற்பதுக்கு கேட்டுக்கு வந்தாள். வரும்போதே சூசையைப் பார்த்துக் குரலை எடுத்துப் பேசிக்கொண்டு வந்தாள், அவள் எப்போதும் அப்படித்தான், மெதுவாகப் பேசத் தெரியாது. ஏ பிளாக் பக்கம் விரலை நீட்டி, "அண்ணா, அந்தூட்டு ஆளு பண்ற வேலை தெரியுமாங்க உங்களுக்கு? நேத்து என் ரெண்டு கண்ணால பாத்தனுங்க, அவரு..."

அவரு என்றதும் ஏழாம் நம்பரில் நின்றுவிட்டாள். வாய் திறந்தபடி, விரல் நீட்டியபடி, ஒரு கால் உள்ளே.

நான் கன்டினியூவில் விரலை வைத்துவிட்டேன். அந்த நேரம் பார்த்து வெள்ளியங்கிரியிடமிருந்து போன். "அம்மணி, ஒரு நிமிசம். அழுத்தீராதீங்க." நடைப்பயிற்சிக்காரர்கள் எல்லோரும் அந்த வாக்கியத்தைக் கேட்டிருந்தார்கள். அவள் நீட்டிய விரலுக்கு நேரே பதினாறு வீடும் இருந்தது, வீட்டுக்கு ஒரு ஆளும் இருந்தார். யாரைச் சொல்ல வந்தாள், என்ன வேலை, ரெண்டு கண்ணால் என்ன பார்த்தாள் என்று ஒருவருக்கும் தெரியாது, ஆனால் பதினாறு ஆண்களில் ஒருத்தருக்குக்கூட அது தானில்லை என்று அடித்துச் சொல்கிற தைரியம் இல்லை. "விசாரிச்சிட்டு விட்டுக்கலாம்" என்றார் வெள்ளியங்கிரி. யாரை விசாரிப்பது, அவள்தான் நிற்கிறாளே. நான் விரலை எடுத்தேன்.

அன்று போய், மறுநாள் போய், ஒரு வாரம் போனது. ஏ பிளாக்கில் ஆண்கள் மனைவிக்குக் காபி போட்டுக் கொடுக்க ஆரம்பித்தார்கள், மனைவிமார் ஒவ்வொரு காபியையும் சந்தேகத்தோடு குடித்தார்கள். முதல் மாடி டாக்டர் இருபது வருஷமாகப் பேசாத தம்பியோடு சமாதானமாகிவிட்டார், இரண்டாம் மாடி பேங்க் மேனேஜர் தன் போனை மனைவியிடமே கொடுத்துப் பார்த்துக்கொள் என்றார், நாலாம் மாடிப் பேராசிரியர் எதற்கும் இருக்கட்டும் என்று மச்சினன் வீட்டுக்கு ஊட்டிக்குப் போய்விட்டார். ஊட்டிக்குப் போனவர்தான் என்று மற்ற பதினைந்து பேரும் சேர்ந்து சொன்னார்கள், அவர் திரும்பி வந்ததும், அப்படிச் சொன்னவர்களில் ஒருத்தர்தான் என்று அவர் சொன்னார். ஒரு பெண் வாயைத் திறந்து நிற்பதற்கே இவ்வளவு பயந்தவர்கள், அவள் எதிரில் உட்கார்ந்து எத்தனை வருஷம் எதையெதையெல்லாம் கூச்சமில்லாமல் செய்திருப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள்.

அவள் நிற்பதற்குப் பழகவும் பழகிக்கொண்டார்கள். கேட்டுக்குள் நுழைகிற கார்கள் அவளைச் சுற்றி வளைந்து போகப் பழகின. அவள் நீட்டிய விரல் விருந்தினர் கார் நிறுத்துகிற பக்கமாகவும் இருந்ததால், 'விசிட்டர்ஸ் பார்க்கிங்' பலகையை எடுத்துவந்து அந்த விரலிலேயே மாட்டிவிட்டார்கள். வசதியாக இருக்கிறது என்று வந்தவர்கள் பாராட்டிவிட்டுப் போனார்கள். ஆடிக் காற்றில் குப்பை பறந்து வந்து அவள் வாயில் விழுந்தது, அதை எடுத்துவிடக்கூட ஒருத்தருக்கும் கை வரவில்லை, சூசைதான் எடுத்துவிட்டார்.

பாத்திரம் மட்டும் நிற்கவில்லையே, அது ஆறு வீட்டிலும் குவிந்தது. மூன்றாம் நாளே சுலோசனா மோனிஷாவுக்குப் போன் போட்டு, அம்மா நடக்கிற வரைக்கும் நீ வந்து செய் கண்ணு, பாவம் உங்களுக்கும் சோறு வேண்டுமே என்று இரக்கப்பட்டாள். அந்தப் பெண் வந்தது. காலையில் வந்ததும் அம்மாவின் வாயைத் துடைக்கும், வாடின பூவை எடுத்துவிட்டு வேறு வைக்கும், மழை பெய்திருந்தால் துண்டால் தலையைத் துவட்டிவிடும், பிறகு ஆறு வீட்டுக்கும் போகும். மத்தியானம் என் கதவில் வந்து நிற்கும்.

"அக்கா, இன்னிக்காச்சும் விட்ருவாங்களா?"

"கூட்டம் போடறாங்களாம் சாமி."

"முப்பத்தொண்ணுக்குள்ள விட்டாப் போதுங்க்கா. அம்மா ஒரு கையெழுத்துப் போட்டா முடிஞ்சிது. பொறகு வந்து நிக்கச் சொன்னாக்கூட நிப்பாங்க."

நீங்களே அழுத்திவிடலாமே அக்கா என்று அது ஒரு நாளும் கேட்கவில்லை. என்னால் முடியும் என்று அதற்குத் தெரியும். பதினோரு மாத அக்ரிமென்ட் ஆகஸ்டில் முடிகிறது, ஓனர் வெள்ளியங்கிரி, தனியாக இருக்கிற பொம்பளைக்கு இந்த ஊரில் அடுத்த வீடு லேசில் கிடைக்காது என்பதெல்லாம் எனக்குத் தெரியும். நான் டீ போட்டுக் கொடுத்து அனுப்பினேன், வேறென்ன கிழித்தேன்.

ஜூலை இருபத்தேழாம் தேதி பொதுக்குழு கூடியது. இரண்டு மணி நேரம் பேசினார்கள், அதில் ஒன்றரை மணி நேரம் நாய் மொட்டை மாடியில் அசிங்கம் பண்ணுவதைப் பற்றி. கடைசியில் மனிதாபிமான அடிப்படையில் ஏழாம் நம்பர் நீக்கப்படுகிறது என்று ஒருமனதாகத் தீர்மானம். எல்லோர் முன்னாலும் என்னை லேப்டாப்பைத் திறக்கச் சொல்லி அழிக்கச் சொன்னார்கள், அழித்தேன். பட்டியலில் ஏழு போய்விட்டது, எட்டு ஒன்பது பத்து இருந்தது. சால்வை கொண்டுவந்திருந்தார்கள், மைசூர்பாகு கொண்டுவந்திருந்தார்கள், கேட்டுக்குப் போய் துளசிமணிக்குச் சால்வை போர்த்தினார் வெள்ளியங்கிரி, போட்டோ எடுத்தார்கள். அவள் அப்படியே நின்றாள்.

"என்ன அம்மணி, எடுத்தாச்சுன்னீங்க?"

"எடுத்தாச்சுங்க. நம்பர எடுத்தா இனிமே வர்றவங்க நிக்க மாட்டாங்க. ஏற்கெனவே நின்னவங்க அதனால நடந்துர மாட்டாங்க, அவங்களுக்கு நட-ன்னு தனியாச் சொல்லணும். கன்டினியூ குடுக்கட்டுங்களா?"

வெள்ளியங்கிரி ஏ பிளாக் பக்கம் திரும்பிப் பார்த்தார். பதினாறு பால்கனியிலும் ஆள் இருந்தது.

"அது தீர்மானத்துல இல்லையே அம்மணி," என்றார். "நீக்கணும்னு முடிவு, நீக்கியாச்சு. நம்ம பக்கம் இனி ஒரு தடையும் இல்ல. நடக்கறதும் நிக்கறதும் இனி அவங்க இஷ்டம்."

அந்த வாக்கியம் அங்கே எல்லோருக்கும் அப்படிப் பிடித்துப்போய்விட்டது. அடுத்த நாள் சுற்றறிக்கையில் அதையே போட்டார்கள். நாம் என்ன செய்ய முடியும், எல்லாத் தடையும் எடுத்துக் கொடுத்தாயிற்று, அவர்களுக்கு முன்னேறுகிற எண்ணமே இல்லை என்று லிப்டில் பேசிக்கொண்டார்கள். வீம்பு என்றாள் சுலோசனா. சோம்பல் என்றார் டாக்டர். படிப்பறிவில்லாததன் பிரச்சினை என்று ஆரம்பித்து அரை மணி நேரம் விளக்கினார் பேராசிரியர், கையில் மைசூர்பாகு.

முப்பத்தொன்றாம் தேதி நான் மோனிஷாவைக் கூட்டிக்கொண்டு கல்லூரிக்குப் போனேன். நான் கார்டியனாகக் கையெழுத்துப் போடுகிறேன் என்றேன். பிரின்சிபால் மரியாதையான பெண்மணிதான், கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பேசினார். "அம்மா உயிரோட இருக்காங்களா?"

"இருக்காங்க மேடம். கேட்ல நிக்கறாங்க."

"இருந்தா அவங்கதான் வரணும், விதி அப்படி. ரெண்டு சீட் இன்னும் காலியாத்தான் இருக்கு, அதெல்லாம் பிரச்சினையில்ல. ஆனா இன்னிக்குச் சாயங்காலத்தோட தேதி முடியுது, முடிஞ்சா முடிஞ்சதுதான்." என் போன் நம்பரை மட்டும் குறித்து வைத்துக்கொண்டார். பஸ்ஸில் திரும்பி வரும்போது மோனிஷா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதது. வந்து இறங்கியதும் நேராக நாலாவது வீட்டுக்குப் பாத்திரம் தேய்க்கப் போய்விட்டது, காலையில் போகவில்லை என்று அந்த வீட்டில் திட்டு வேறு.

தேதி போனதும் சுலோசனாவுக்கு ஒரே நிம்மதி. ஆகஸ்ட் எட்டாம் தேதி நான் கீழே போனபோது அந்தப் பெண் கேட் வாசலைத் துடைத்துக்கொண்டிருந்தது, சுலோசனா மேலிருந்து, "அப்படியே உங்கம்மா பாதத்தையும் தொடைச்சு விடு கண்ணு, ஈரம் ஒழுகி டைல்ஸ் கறையாகுது" என்று சொன்னாள். சொல்லிவிட்டு என்னிடம், "அம்மாவ விட இவ சுறுசுறுப்புங்க, பேச்சும் கம்மி" என்றாள். அந்தப் பெண் குனிந்து அம்மாவின் காலைத் துடைத்தது. எனக்கு அப்போதே உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது, ஆனாலும் மாடியேறிப் போய் என் வேலையைத்தான் பார்த்தேன், அவ்வளவு கேடுகெட்டவள்.

மறுநாள் காலை வெள்ளியங்கிரியே வந்தார். உட்காரவில்லை, கதவைச் சாத்தச் சொன்னார்.

"அந்தப் புள்ளைக்கு ஒண்ணு வெக்கணும் அம்மணி. பேரு போட்டு, அதுக்கு மட்டும்."

"மோனிஷாவுக்கா? எதுக்குங்க?"

"ஆறு வீட்டுக்குள்ள போயிட்டு வருது பாருங்க, அதுக்கும் என்னமோ தெரிஞ்சிருக்கும் போல. நேத்து எங்கூட்டுல தொடைச்சிட்டே ஒரு பார்வை பாத்துச்சு. அம்மாவும் பொண்ணுமா பக்கத்துல பக்கத்துல நின்னுட்டாப் போச்சு. பாத்திரத்துக்கு வேற ஆள் பாத்துக்கறோம்."

சரிங்க என்று சொல்லி அனுப்பினேன். லேப்டாப்பைத் திறந்தேன். மோனிஷா பெயரைக் கொடுத்தேன், நிபந்தனை தயார், ஸ்க்ரிப்ட் பதினொன்று என்று நம்பர் போடக் காத்திருந்தது. எனக்கு அந்த நேரத்தில் வீரம் வந்துவிட்டது என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம், வந்தது வெறும் அருவருப்பு, முதலில் அந்த ஆள் மேல், பிறகு அவரைச் சரிங்க என்று அனுப்பிய என் வாய் மேல். எட்டை அழித்தேன், ஒன்பதை அழித்தேன், பத்தை அழித்தேன். மோனிஷா பெயரை அழித்தேன். கன்டினியூ என்று அடித்துவிட்டுப் பால்கனிக்கு ஓடினேன்.

"...அவரு..." என்றாள் துளசிமணி.

இருபத்தொன்பது நாள் காத்திருந்த பதினாறு பால்கனியும் மூச்சைப் பிடித்துக்கொண்டது. வெளியே வைத்த காலை அவள் உள்ளே வைத்தாள், விரலில் தொங்கின பலகை சிமென்ட் தரையில் விழுந்து பெரிய சத்தம் போட்டது, அவள் குனிந்து அதைப் பார்த்தாள், தன் தோளில் கிடந்த சால்வையைப் பார்த்தாள், நிமிர்ந்தபோது எதிரில் மகள் கையில் தரை துடைக்கிற மாப்போடும் இடுப்பில் செருகின பாவாடையோடும் நின்றுகொண்டிருந்தது.

அந்த ஆளைப் பற்றிய பேச்சு அதோடு போயிற்று. அதை அவள் அப்புறம் முடிக்கவே இல்லை, யார் என்று இன்றைக்கு வரைக்கும் யாருக்கும் தெரியாது. பதினாறு வீட்டு ஆண்களும் அவ்வளவு பெரிய ஆட்கள் ஒன்றும் இல்லை அவளுக்கு.

"ஏம்புள்ள, நீ என்ன இங்க? காலேஜுக்குக் கெளம்பி நில்லுன்னு சொல்லிட்டுத்தான வந்தேன்? இதென்ன கையில?"

மோனிஷாவுக்கு அழுகைதான் வந்தது. சூசைதான் சொன்னார். "தாயி, நீ நின்னு இருபத்தொம்பது நாளாச்சு. இன்னிக்கு ஆகஸ்டு ஒம்பது. பொண்ணுதான் உன் வேலைய பாத்துச்சு. காலேஜுத் தேதி போயிருச்சு."

துளசிமணி ஒரு தடவை கேட்டைப் பார்த்தாள், கேமராவைப் பார்த்தாள், பிறகு பால்கனி பால்கனியாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். பார்வை பட்ட இடத்தில் எல்லாம் ஆட்கள் உள்ளே போனார்கள். என் பால்கனிக்கு வந்தபோது நானும் உள்ளே போகத்தான் நினைத்தேன், கால் வரவில்லை. அவள் மகள் கையிலிருந்த மாப்பைப் பிடுங்கி செயலாளர் கார் மேல் வீசினாள், சால்வையை உருவி அதன் மேலேயே போட்டாள்.

"தேதி உங்களுக்குப் போச்சு," என்றாள், எப்போதும் போல உரத்த குரலில். "என் நாளை நீங்க நிறுத்தி வெச்சுக்கிட்டா அது எனக்கு எப்படிப் போவும்? எனக்கு இன்னிக்குத்தான் பதினொண்ணாந் தேதி. இன்னும் எட்டு மணிகூட ஆகல. வா கண்ணு, போயிக் கையெழுத்துப் போட்டுட்டு வந்தர்லாம்."

மேலேயிருந்து சுலோசனா, "அப்ப இன்னிக்குப் பாத்திரம்?" என்று கேட்டாள். ஆமாம், கேட்டாள், நானே என் காதால் கேட்டேன். அம்மாவும் மகளும் கேட்டைத் தாண்டிப் பஸ் ஸ்டாப்புக்குப் போய்விட்டார்கள்.

சாயங்காலமே எனக்கு வீட்டைக் காலி செய்யச் சொல்லி வெள்ளியங்கிரி எழுதிக் கொடுத்துவிட்டார். நான் சாமான்களை அட்டைப் பெட்டியில் போட்டுக் கட்ட ஆரம்பித்தேன். நாலாம் நாள், புத்தகப் பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தபோது, கல்லூரிப் பிரின்சிபாலிடமிருந்து போன் வந்தது.

"கோகிலவாணிதானே? அந்த அம்மா, துளசிமணி, நாலு நாளா எங்க ஆபீஸ் வாசல்ல நிக்கறாங்க. தேதி முடிஞ்சதுன்னு சொன்னா, எனக்கு முடியலங்கறாங்க. இடத்த விட்டு நகர மாட்டேங்கறாங்க. பொண்ணு பக்கத்துல உக்காந்து புக் படிச்சிட்டிருக்கு. வர்ற பேரன்ட்ஸ் எல்லாம் என்னன்னு கேக்கறாங்க, நான் என்ன பதில் சொல்றது? பொண்ணு எல்லாம் சொல்லுச்சு, உங்க சாப்ட்வேர்ல நின்னவங்கதானே அவங்க? தயவுசெஞ்சு அந்தக் கன்டினியூவ அழுத்தி விட்ருங்க."

நான் டேப்பைக் கீழே வைத்தேன். "மேடம், டீ குடுத்தாக் குடிக்கறாங்களா?"

"குடிக்கறாங்க. குடிச்சிட்டு டம்ளரக் கழுவித் திருப்பிக் குடுக்கறாங்க. திரும்பி வந்து அதே எடத்துல நிக்கறாங்க."

"அப்ப அவங்கள யாரும் நிறுத்தலைங்க. எங்கிட்ட இப்ப ஒரு நம்பரும் இல்ல. அவங்களாத்தான் நிக்கறாங்க."

"அப்ப அவங்கள எப்படிங்க நகத்தறது?"

"அந்தப் புள்ளையச் சேத்துக்குங்க," என்றேன்.